ஒரு தூக்கம் வரைக்கும்

அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது உபயோகமாகும். மற்றபடி அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'மூணாம் பக்கம்' அக்கா. ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து குழந்தையை அழைத்துப்போய் இன்னொரு வளர்ப்பு வீட்டில் விடுவது அவள் வேலை. அதற்கு அலுவலகம் கொடுக்கும் படிவம் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் பிறந்த தேதி, எடை, உயரம். இரண்டாம் பக்கத்தில் தடுப்பூசி, ஒவ்வாமை, கையெழுத்து. அதைப் படித்துவிட்டு ஒரு பிரிட்ஜ் வாங்கலாம். ஒரு குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. அதனால் தன் கைக்காசில் ஒரு வெள்ளைத்தாளை வாங்கி மூன்றாம் பக்கமாகக் குத்தி வைப்பாள்.

'முட்டையில் மஞ்சளைத் தின்றுவிட்டு வெள்ளையைப் பாக்கெட்டில் ஒளிப்பான். சட்டையை நனைக்கும் முன் பாக்கெட்டைப் பார்க்கவும்.' 'பாத்ரூம் கதவைச் சாத்தினால் அலறுவாள். பாதி திறந்து வைத்து வெளியே நின்று பாடவும். எந்தப் பாட்டானாலும் பரவாயில்லை.' இப்படியெல்லாம் இருக்கும் அதில்.

"இதெல்லாம் யாரும்மா கேட்டா?" என்பார் மேலதிகாரி.

"குழந்தை கேக்கும் சார். அதுக்கு எழுதத் தெரியாது, நான் எழுதறேன்."

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவள் கூரியர் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டு, பேனாவை நீட்டு, கையெழுத்தை வாங்கு, திரும்பிப் பார்க்காமல் நட. மொத்தம் நாலு நிமிஷம். முதன்முதலாக ஒரு பையனைக் கொண்டுபோய் விட்டபோதும் கை பழைய பழக்கத்தை மறக்கவில்லை. "இதோ வந்துடறேன்டா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பேனாவை நீட்டி, காரைக் கிளப்பிவிட்டாள். தெருமுனையில் கண்ணாடியில் பார்த்தால் அவன் ஒற்றைச் செருப்போடு காரின் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தான். அழக்கூட இல்லை. 'இதோ' என்று சொன்னவள் எதையோ மறந்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்து, நினைவுபடுத்த ஓடி வந்தான்.

பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அதன்பிறகு அவள் வாயில் 'இதோ வந்துடறேன்' வந்ததே இல்லை. கடைக்குப் போனாலும் புருஷனிடம் "இருபது நிமிஷத்துல வரேன்" என்று கணக்குச் சொல்லித்தான் போவாள். புருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர் என்பதால் நிமிஷக் கணக்கு அவருக்கு வசதியாகவே போயிற்று. இன்னொரு சட்டமும் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள். ஒரு தூக்கம் வரைக்கும் இருப்பது. புது வீட்டில் குழந்தை ஒருமுறை தூங்க வேண்டும், விழிக்கும்போது அவள் அங்கேயே இருக்க வேண்டும், போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். குழந்தை அழுதால் அழட்டும். ஏமாறக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தின் வெள்ளைக் கார் ஒரு இஸ்திரிக் கடை வாசலில் நின்றது. நின்றது என்பது சும்மா மரியாதைக்கு. மூன்று முறை இருமி, ஒருமுறை குலுங்கி, வாசலோடு உயிரை விட்டது.

முன்னறை கடை, பின்னறை வீடு. கடையில் நீளமான மேஜை, சுவர் முழுக்கக் கம்பியில் தொங்கும் ஊராரின் சட்டைகள். மேஜைக்கு அடியில் மிளகு.

மிளகுக்கு நாலு வயது. அளவையும் காரத்தையும் உத்தேசித்து இஸ்திரிக்கார அம்மா வைத்த பெயர் அது. பதினாலு மாதத்துக்கு முன்பு வேறொரு வீட்டிலிருந்து அவளை இங்கே கொண்டுவந்த ஊழியர், அவள் தூங்குகிற நேரம் பார்த்து நழுவிவிட்டார். விழித்துப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து மிளகு தூக்கத்தோடு சண்டைக்கு நின்றாள். கண் சொருகும்போதெல்லாம் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்வாள். ஒன்பதாம் நாள் மத்தியானம், மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு துணியைக் கன்னத்தில் வைத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சட்டையின் மேல் விரித்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுகிற ஈரத்துணி அது. நடுவில் பெட்டியின் உருவத்திலேயே பழுப்பாக ஒரு கருகல். சூடும் தண்ணீரும் பருத்தியும் சேர்ந்து ஒரு வாசனை. அதற்கு மிளகு 'கருகல்' என்று பெயர் வைத்தாள். அது கன்னத்துக்கு அடியில் இல்லாமல் அதற்குப்பின் அவள் தூங்கியதில்லை.

இப்போது இஸ்திரிக்கார அம்மாவின் முதுகெலும்பு மக்கர் செய்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷன், ஆறு மாதம் படுக்கை. மிளகுக்குப் பார்த்திருக்கும் புது வீடு தற்காலிகம் இல்லை. கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளத் தயாரான வீடு. இது ஒட்டிக்கொண்டால் அவளுக்கு இனிமேல் பை கட்டும் வேலையே கிடையாது. ஒட்ட வேண்டுமானால் முதலில் அவள் அங்கே கண்ணை மூட வேண்டும். அக்காவுக்குக் கவலையெல்லாம் அந்த ஒரு தூக்கத்தைப் பற்றித்தான். ஏனென்றால் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னதிலிருந்து மிளகு வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கியிருந்தாள். மூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை.

"வாம்மா. எல்லாம் ரெடியா இருக்கு," என்றாள் இஸ்திரிக்கார அம்மா. இடுப்பில் அகலப் பட்டை கட்டியிருந்தாள். பைக்குள் எட்டிப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. ஜட்டிக்குக்கூட மடிப்பு.

"சாக்ஸையுமா தேய்ச்சீங்க அக்கா?"

"பின்னே? அங்க பையத் திறந்தா நாலு பேர் பாப்பாங்க. கசங்கின புள்ளைய அனுப்பிட்டான்னு ஒருத்தர் வாயில வரலாமா? நான் என்ன தொழில் பண்றேன்?"

"கருகலு?"

"அதத்தான் முதல்ல வெச்சேன். தனியா, கவர்ல போட்டு." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை ஓடியது. அக்கா அதைக் கவனித்தாள். எதற்குப் பெருமை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இஸ்திரிக்கார அம்மா பட்டையைத் தளர்த்திக்கொண்டு, மேஜைக் காலைப் பிடித்துப் பிடித்து, டாக்டர் செய்யக்கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து, மேஜைக்கு அடியில் போய் மிளகின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரிம்மா உன்ன அனுப்பலடி. பெரிம்மா முதுகு அனுப்புது. கோவம் வந்தா முதுகத் திட்டு. நானும் சேந்து திட்டறேன்."

மிளகு அவள் முதுகை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். பிறகு அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

போனது போலத் திரும்பி வர முடியவில்லை. இஸ்திரிக்கார அம்மா மேஜைக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டாள். ஒரு கையை அக்கா இழுக்க, இன்னொரு கையை மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, "ஐயோ, மெதுவா, நான் என்ன மூட்டையா?" என்று அவள் கத்திக்கொண்டே வெளியே வந்தாள். அந்தக் களேபரத்தில் பிரிவு பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவள் கார் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். மிளகு உள்ளே இருந்து அதன்மேல் தன் கையை வைத்தாள். கார் மூன்றாவது சாவித் திருப்பலில் உயிர்த்தெழுந்தது.

புது வீடு நாற்பது நிமிஷ தூரம். மாடிப்படி ஏறி இடது பக்கம். வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக், அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல், இதுதான் முதல் குழந்தை. மெக்கானிக் அலுவலகம் கொடுத்த கையேட்டை முழுசாகப் படித்திருந்தார். மேஜை மூலை, கட்டில் மூலை, அலமாரி மூலை எல்லாவற்றிலும் ரப்பர் ஒட்டியிருந்தது. சுவர்க் காலண்டரிலும்.

"காலண்டருக்கு எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"மூலை இருக்கே மேடம்."

"ரெண்டு நாளா இவர் சாப்பிடல மேடம்," என்றாள் வேன்காரி. "நான் தினம் நாப்பது வாலுங்கள ஏத்தி இறக்கறேன். இவருக்கு ஒண்ணு வருதுன்னதும் கை நடுங்குது." பிறகு மிளகிடம் குனிந்து, "இவர நீ தாத்தான்னு கூப்பிடலாம்," என்றாள்.

"ஏய், எனக்கு அம்பத்திரண்டுதான். மாமான்னு சொல்லும்மா."

"வயசச் சொல்லாதீங்க, தலை காட்டிக்குடுக்குது."

மிளகு எதையும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு ரொட்டியும் பாதி முட்டையும் தின்றாள். ஒன்றரை மணிக்கு அவள் கண் தளர்ந்தது. கை மெல்ல இன்னொரு கையைத் தேடிப் போனது, கிள்ளுவதற்கு. அக்கா அவசரமாகப் பையைத் திறந்து கவரைப் பிரித்தாள்.

உள்ளே வெள்ளைவெளேரென்று ஒரு துணி. கஞ்சி போட்டு நாலாக மடித்துத் தேய்த்திருந்தது. பூ வாசனை சோப்பு மணம் குப்பென்று வந்தது. நடுவில் இருந்த கருகல் போய், அங்கே ஏதோ இருந்தது என்று சொல்கிற மஞ்சள் நிழல் மட்டும் இருந்தது.

மிளகு அதை வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். எடுத்தாள். முகர்ந்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கம் முகர்ந்தாள். பிறகு மரியாதையாக, யாருடைய பொருளையோ திருப்பிக் கொடுப்பது மாதிரி, அக்காவின் மடியில் வைத்தாள்.

"இது இல்ல."

மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்று, முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள்.

மூன்றாம் பக்கத்தில் முதல் வரியே 'கருகல் துணியைத் துவைக்கக் கூடாது' என்பதுதான். கீழே மூன்று கோடு வேறு. பத்தொன்பது வருஷமாக வாங்கிக்கொள்கிற வீட்டில் எல்லாம், பிள்ளை கட்டிக்கொண்டு தூங்குகிற எதையும் துவைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். கொடுக்கிற வீட்டில் சொன்னதே இல்லை. கொடுக்கிறவர்களுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. துணியைச் சீராக்குவதே பிழைப்பாக இருக்கிற ஒருத்தி, பிரிந்து போகும் பிள்ளைக்குத் தன்னால் முடிந்த பெரிய மரியாதையைச் செய்வாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் போனைப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, கருகலத் துவைச்சீங்களா?"

"பாத்தியா?" அந்தப் பக்கம் குரல் மலர்ந்தது. "வெந்நீர்ல ஊறப்போட்டு, வெளுப்புப் போட்டு, நாலு அலசு. பத்து வருஷக் கறைம்மா அது! எப்படிப் போயிருக்கு பாரு."

"இது இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டா அக்கா."

"ஐயோ," என்றது போன். பிறகு ரொம்பச் சின்னதாக, "தூங்க மாட்டேங்கறாளா? நான் பாவி, அங்க யாரும் அழுக்குப் புள்ளைன்னு சொல்லிடக் கூடாதேன்னு... என் கையாலயே..." என்று இழுத்து, மூக்கை உறிஞ்சி, திடீரென்று தொழில்காரியாக மாறியது. "சரி, அழுது என்ன ஆகப்போவுது. அந்த வீட்ல இஸ்திரிப் பெட்டி இருக்கா?"

மெக்கானிக்கும் வேன்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டை, முறுக்கிப் பிழிந்து அப்படியே மாட்டியது மாதிரி இருந்தது. அவள் உடையும் அதற்குப் போட்டி.

"கல்யாணத்துக்கு உங்க சித்தப்பா ஒண்ணு குடுத்தாரே," என்றாள் வேன்காரி.

இருபத்தாறு வருஷமாகப் பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. மேலே ஒட்டியிருந்த வாழ்த்துச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. மெக்கானிக் ஒயரைச் சோதித்து, பிளக்கை மாற்றி, அந்த வேலை தெரிந்த வேலையாக இருந்ததால் முதல்முறையாகக் கை நடுங்காமல் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் கம்பளியை விரித்துத் தன் சட்டையைக் கழற்றிப் போட்டு, அதன்மேல் கருகலை நனைத்துப் பிழிந்து விரித்தார். பனியனோடு நின்று, "அடுத்து?" என்றார் போனைப் பார்த்து.

"பெட்டி அடியில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க தம்பி. சத்தம் எனக்குக் கேக்கட்டும்."

விட்டார்.

"பத்தல. இன்னும் சூடு ஏத்துங்க."

மறுபடி விட்டார். 'சுர்' என்றது. சுவரோரம் நின்ற மிளகின் தலை கால்வாசி திரும்பியது.

"ஆங்! இப்ப ஓட்டுங்க. பயப்படாதீங்க, அது உங்களக் கடிக்காது."

ஆவி எழும்பியது. ஈரப் பருத்தியும் சூடும் சேர்ந்த அந்த வாசனை சாப்பாட்டு அறையில் மெல்ல நடமாடத் தொடங்கியது. மிளகின் மூக்கு அசைந்தது. மெக்கானிக் அதைத்தான் பார்த்தார். பார்த்துச் சந்தோஷத்தில் கை நின்றுவிட்டது. பெட்டியும் நின்றது.

"எடுங்க, எடுங்க! எனக்கு இங்க வரைக்கும் தீயுது!" என்று போன் அலறியது.

எடுத்தார். துணியின் நடுவில், பெட்டியின் உருவத்தில், பழுப்பாக, புத்தம் புதுசாக ஒரு கருகல். கொலை செய்தவர் மாதிரி நின்றார் மெக்கானிக். வேன்காரி வாயைத் திறந்தாள், அக்கா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மிளகு நடந்து வந்தாள். மேஜை விளிம்பில் தாடையை வைத்துக் கருகலை ஆராய்ந்தாள். பிறகு மெக்கானிக்கை அண்ணாந்து பார்த்து, கடைக்கு வந்த புது ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அப்படி நிறுத்தக் கூடாது. ஓட்டிக்கிட்டே இருக்கணும். முதல்ல காலரு."

போனிலிருந்து, "கேட்டீங்களா? காலராம். நான் சொல்லிக்குடுத்தது," என்று ஒரு நனைந்த குரல் வந்தது.

"பெரிம்மா, இவருக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் மிளகு போனிடம்.

"தெரியாதுடி கண்ணு. நீ பாத்துக்கோ. நான் வெக்கறேன்."

மிளகு பார்த்துக்கொண்டாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டில் வேண்டும் என்றாள். வேன்காரி ஜன்னல் துடைக்கிற பாட்டிலைக் கழுவி நிரப்பிக் கொடுத்தாள். காலர், தோள், கை, பொத்தான் பக்கம் என்று வரிசை சொன்னாள். சட்டை முடிந்ததும், இன்னும் சூடாக இருந்த கருகலை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தாள். அவள் படுத்ததும் மேலே பெட்டிச் சத்தம் நின்றது.

"மாமா, நிறுத்தாத," என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

மாமா நிறுத்தவில்லை. கூப்பிடப்பட்ட சந்தோஷத்தில் முதலில் ஒரு துண்டைத் தேய்த்தார், பிறகு இன்னொரு சட்டை, தலையணை உறை, ஜன்னல் திரை. மேஜையில் பெட்டி 'தட், தட்' என்று இறங்கும் சத்தம் நின்றால் அடியில் இமை படபடத்தது. அதனால் வேன்காரி பூனை நடையில் போய் வீட்டில் இருந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். கடைசியில் தரை துடைக்கிற துணிக்குக்கூட மடிப்பு விழுந்தது. மிளகு வாயைத் திறந்துகொண்டு, கிள்ளிய கை தளர்ந்து விரிந்து, தூங்கினாள்.

மூன்றரைக்கு மேலதிகாரி கூப்பிட்டார். "கார் அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும். கையெழுத்து வாங்கியாச்சுல்ல? கிளம்பும்மா."

"தூங்கறா சார்," என்றாள் அக்கா, காற்று மாதிரி.

"நல்லதாப் போச்சு. அப்படியே நைசா கிளம்பிடு."

"முழிச்சதும் கிளம்பறேன் சார். அஞ்சுக்கு வரமாட்டேன். ஆறேகால்." வைத்துவிட்டாள்.

மேஜைக்கு அடியில் படுத்திருப்பவருக்கு விழித்ததும் முகம் தெரியாது, கால்தான் தெரியும். அது தெரிந்துதான் அக்கா நாற்காலியை மேஜைக்கு எதிரே போட்டு, தன் நீலச் செருப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்திலிருந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். அலுவலகம் இதற்கெல்லாம் படிக்காசு தருவதில்லை.

நாலு இருபதுக்கு மிளகு விழித்தாள். முதலில் உடம்பு விறைத்தது. கண் தரையோடு ஓடித் தேடியது. நீலச் செருப்பைக் கண்டது. விறைப்பு இறங்கியது.

அக்கா கீழே குந்தினாள். "தூங்கி எழுந்தாச்சா? நான் இப்ப வீட்டுக்குப் போறேன். உங்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் இருந்தேன்."

மிளகு அவளை உற்றுப் பார்த்தாள். நாலு வயதுப் போலீஸ் பார்வை. "இதோ வந்துடுவியா?"

"இல்ல. இன்னிக்கு வரமாட்டேன். நாளைக்கும் வரமாட்டேன். வெள்ளிக்கிழமை வருவேன், சாயங்காலம். பெரிம்மாவ ஆபரேஷன் முடிஞ்சதும் போய்ப் பாக்கலாம், மாமா கூட்டிட்டுப் போவாரு. இங்கதான் இனிமே உன் வீடு."

உதடு பிதுங்கியது. மிளகு கருகலை முகத்தில் அழுத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். நேரான அழுகை. அக்கா தடுக்கவில்லை, வேடிக்கை காட்டவில்லை, பொம்மை தேடவில்லை. அழுகை முடிந்ததும் மிளகு ஊர்ந்து வெளியே வந்து, தேய்த்து அடுக்கிய துணிமலையைப் பார்த்தாள். அதன் பின்னால் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தாள். வியர்வையில் பனியன் அவர் உடம்போடு ஒட்டியிருந்தது.

"காலர் சரியா வரல," என்றாள்.

"நாளைக்குச் சொல்லிக்குடு," என்றார் அவர்.

வாசலில் அக்கா செருப்பைச் சரிசெய்யக் குனிந்தபோது, மிளகு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அவள் முகத்தில் நேராக 'புஸ்' என்று அடித்தாள். ஒருமுறை இல்லை. மூன்று முறை.

"ஏய், என்னடி!"

"உன் மூஞ்சி சுருக்கமா இருக்கு," என்றாள் மிளகு, தொழில் அக்கறையோடு.

வேன்காரி உள்ளே ஓடித் துண்டு கொண்டுவந்தாள். அக்கா வேண்டாம் என்றுவிட்டு, அவசரமாக, பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

காரில் ஏறியதும் மூன்றாம் பக்கம் எழுதுகிற வெள்ளைத்தாள் கட்டை எடுத்து, மேல் தாளில் முதல் வரியாக எழுதினாள்: 'கொடுக்கிற வீட்டுக்கு: எதையும் துவைக்காதீர்கள்.' கீழே மூன்று கோடு. பிறகு இஸ்திரிக் கடைக்குப் போன் போட்டாள்.

"தூங்கி எழுந்துட்டா அக்கா. ரெண்டு மணி நேரம். வலது கன்னத்துல வெச்சுக்கிட்டு."

"இடதுதான எப்பவும்?" என்றது அந்தக் குரல், உடனே. பிறகு, "சரி, சரி. புது வீடு. புதுக் கன்னம்," என்று தானே சொல்லிக்கொண்டது.

ஆறேகாலுக்கு அலுவலகத்தில் மேலதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, முகமெல்லாம் ஈரம்? அழுதியா?"

"தண்ணி தெளிச்சாங்க சார்," என்றாள் மூணாம் பக்கம் அக்கா, சாவியை அவர் மேஜையில் வைத்தபடி. அந்தத் தண்ணீர் காய்வதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்ததே என்று அவர் கேட்கவில்லை.